பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பும் மருத்துவரின் உடை

பேறுகால விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் பெண் மருத்துவரின் உடை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வார்டில் அது கைக்கு இடைஞ்சலாகத் தொங்கக் கூடாது. அன்றாடம் சோப்பிலும் வெந்நீரிலும் அடித்துத் துவைத்தாலும் தாங்க வேண்டும். அதே துணி பால் கட்டிய மார்பை இறுக்கக் கூடாது. நனைந்தால் வெளியே தெரியக் கூடாது. பிள்ளை அழுதால் சட்டென்று திறந்து மூட வர வேண்டும். இந்த இரண்டாவது தேவையை மருத்துவமனைகள் நெடுங்காலம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டும் ஏப்ரனும் ஆண்களின் அளவில், ஆண்களின் வேலை முறையை வைத்து வெட்டப்பட்டவை. தாயாகவும் மருத்துவராகவும் இருந்தவர்களுக்கு வழி செய்து கொடுத்தவர்கள் நெசவாளர்களும் தையல்காரர்களும் வீட்டில் இருந்த மூத்த பெண்களும்தான். பாலக்கரை, புத்தூர், உறையூர், ஸ்ரீரங்கம் என்று திருச்சிராப்பள்ளியின் சில கிலோமீட்டர் பரப்புக்குள் இந்த வரலாற்றின் முக்கியமான சரக்குகள் பல கிடைக்கின்றன.

முதல் சரக்கு பருத்தி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரையக் கடற் பயண’ நூல், உள்நாட்டு நகரமான ‘அர்கரு’விலிருந்து மெல்லிய மஸ்லின் துணி ஏற்றுமதியானதைச் சொல்கிறது. அந்த அர்கரு உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் வியர்வையையும் பாலையும் சேர்த்து உறிஞ்சப் பருத்தித் துணியே வசதி. பிள்ளை பெற்றவளின் வயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கும், குழந்தைக்கு விரிப்பதற்கும், மார்பில் மடித்து வைத்துக்கொள்வதற்கும் பல முறை துவைத்துப் பதமான பழைய வேட்டியையோ புடவையையோ எடுத்து வைக்கும் பழக்கம் காவிரிக் கரை வீடுகளில் இன்றும் இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சியும் முறைப்பும் இருக்கும். பச்சை உடம்பில் அது உறுத்தும் என்பது அனுபவத்தில் வந்த அறிவு.

தென்னிந்தியாவில் நவீன மருத்துவப் படிப்பில் பெண்கள் நுழைந்தது 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரியில். அன்று சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லிப். சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி. கல்லூரியில் சேரும்போதே மூன்று குழந்தைகளின் தாய். தென்னிந்தியாவில் மருத்துவம் கற்ற முதல் பெண்களிலேயே தாயான ஒருவர் இருந்தார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அக்கால ஆங்கிலப் பெண்களின் உடை, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உள்கச்சையும் தரையைத் தொடும் பாவாடையும் அடுக்கடுக்கான உள்ளாடைகளும் கொண்டது. சென்னையின் புழுக்கத்துக்கும் பொருந்தாது, பிரசவ வார்டுக்கும் பொருந்தாது, பாலூட்டும் உடம்புக்கும் பொருந்தாது. ஷார்லிப் லண்டனில் மேற்படிப்பு முடித்து 1883இல் திரும்பி, 1885இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். இப்போது திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நடப்பது அதன் தொடர்ச்சியே. அந்நிய ஆணின் பார்வையில் படக் கூடாத பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற கோரிக்கைதான் அந்த மருத்துவமனைக்கு அடிப்படை. அதே 1885இல் வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டியின் நிதியும் இந்தியா முழுவதற்கும் பெண் மருத்துவர்களை உருவாக்கத் தொடங்கியது. பெண் மருத்துவர் தேவை என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த மருத்துவர் நாளை பிள்ளை பெற்றால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

மருத்துவரின் உடை பிரசவத்தோடு சம்பந்தப்பட்டது இதற்கும் முன்பே. அந்தக் கதை கசப்பானது. 1795இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன், பிரசவக் காய்ச்சலைப் பெண்களிடம் கொண்டு சேர்ப்பவர்கள் அவர்களைக் கவனிக்கும் மருத்துவச்சிகளும் மருத்துவர்களுமே என்று எழுதினார். தாமும் அப்படிச் சிலருக்கு நோயைக் கொண்டுபோனதாக அவரே ஒப்புக்கொண்டார். உடைகளுக்குப் புகை காட்ட வேண்டும் என்பது அவர் தந்த யோசனைகளில் ஒன்று. 1843இல் பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், அந்தக் காய்ச்சலில் இறந்தவரின் பிரேதப் பரிசோதனையில் இருந்த மருத்துவர் உடையை முழுக்க மாற்றாமல் அடுத்த பிரசவத்துக்குப் போகக் கூடாது என்றார். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் குளோரின் நீரில் கை கழுவச் சொன்னார். 1867இல் லிஸ்டரின் கிருமிநாசினி முறை வெளியானது. ஆனாலும் ரத்தம் உறைந்து முறுகிய பழைய கறுப்புக் கோட்டை அறுவை மருத்துவர்கள் எளிதில் கழற்றவில்லை. அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1875இல் வரைந்த அறுவை அரங்கில் மருத்துவர்கள் கறுப்புக் கோட்டில் நிற்கிறார்கள்; 1889இல் அவரே வரைந்த இன்னோர் அரங்கில் வெள்ளை உடை வந்துவிட்டது. மாற்றம் நடந்த காலத்தை இந்த இரண்டு படங்களும் தெளிவாகக் காட்டுகின்றன. வெள்ளைக்குக் காரணம் அழுக்குத் தெரிய வேண்டும் என்பதே; தெரிந்தால்தான் வெளுக்கப் போடுவார்கள்.

தமிழ்ப் பெண்கள் இந்த வெள்ளைக் கோட்டுக்குள் வந்தபோது புடவையோடு வந்தார்கள். திருச்சிக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் உள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு படித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவப் பேராசிரியர் கிஃபார்ட் தம் வகுப்பில் பெண்களை முதலில் அனுமதிக்கவில்லை. முத்துலட்சுமியின் தேர்வுத் தாளைப் பார்த்த பிறகே மனம் மாறினார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் முத்துலட்சுமி பயிற்சி மருத்துவராக இருந்தார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். இரண்டு ஆண் குழந்தைகளைப் பெற்ற பின்னும் தொழிலை விடாமல், 1925இல் மேற்பயிற்சிக்கு லண்டன் போனார், 1927இல் சென்னை சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவரானார். இன்றைய பொருளில் ‘விடுப்பு முடிந்து திரும்புதல்’ என்று ஒன்று அவர் காலத்தில் கிடையாது. சொந்தமாகத் தொழில் நடத்தியவர்கள் தங்கள் பேறுகாலத்தைத் தாங்களே சமாளித்தார்கள். சம்பளத்துக்கு இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். பிரிட்டனில் 1921இல் செயின்ட் பான்கிராஸ் உள்ளாட்சி மன்றம் தன் பெண் மருத்துவர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார் என்பதற்காகவே வேலையிலிருந்து நீக்கியது. திருமணத்துக்கே அந்தக் கதி என்றால் குழந்தைக்கு இடம் ஏது?

1918இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து புடவை கட்டிய மருத்துவர் தமிழகத்துச் சிற்றூர்களிலும் தெரிந்த உருவம் ஆனார். எந்தப் புடவை என்பது அப்போது சிறிய விஷயம் இல்லை. ஸ்ரீரங்கத்து அக்கிரகார வீடுகளில் மணமான பெண்ணின் அன்றாட உடை மடிசாராகக் கட்டும் ஒன்பது கஜப் புடவை. ஒவ்வொரு காலையும் தனித்தனியே சுற்றிச் செருகுவதால் மடிசார் நடக்கவும் குனியவும் வசதியானது, உள்பாவாடையும் தேவையில்லை. வேலைக்கு ஏற்ற உடை என்று பார்த்தால் அதற்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் அது வீட்டுக்கும் சடங்குக்கும் ஒரு சாதிக்கும் உரிய கட்டாக இருந்தது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று வெளியே வந்த பெண்கள் ஆறு கஜத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரை, ஸ்ரீரங்கத்தில் பிறந்த மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்டது. அத்தகைய விடுதலைப் போராட்டத்தின் தாக்கத்தில் கதர் கட்டுவது படித்த குடும்பங்களில் மதிப்புக்குரிய அடையாளமானது. மருத்துவமனை வேலைக்குக் கதர் முழுப் பொருத்தம் என்று சொல்ல முடியாது. நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். ஆனால் பகட்டில்லாத பருத்திப் புடவையே படித்த பெண்ணின் பணியுடை என்ற எண்ணம் நிலைபெற அது காரணமாயிற்று. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் வழியாகக் கைத்தறிப் புடவை மாதச் சம்பளக்காரப் பெண்களுக்கு எளிதில் கிடைத்தது. பிறகு மெல்லிய வாயில் புடவை வந்தது, செயற்கை இழையிலான நைலக்ஸ் வந்தது. நைலக்ஸ் கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் பால் பட்டால் உறிஞ்சாமல் வழிய விடும். பாலூட்டும் மாதங்களில் பலரும் திரும்பவும் பருத்திக்கே வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புடவையைவிட முக்கியமானது ரவிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பெண்கள் பலர் ரவிக்கை அணிந்ததில்லை. அணிந்தவர்களும் முன்பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். பாலூட்டுவதற்கு முந்தானையை விலக்கினால் போதும். தைத்த ரவிக்கை பரவியபோது உடம்புக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு தடுப்பு வந்தது. தையல்காரர் அதை இரண்டு விதமாகச் சமாளித்தார். ஒன்று, முன்பக்கக் கொக்கி. கழுத்திலிருந்து இடுப்பு விளிம்பு வரை இறங்கும் பட்டியில் ஐந்தாறு கொக்கிகள். கீழிருந்து இரண்டு மூன்றைக் கழற்றினாலே பிள்ளைக்கு வழி கிடைக்கும், மேல் பகுதி மூடியே இருக்கும். இரண்டு, உள்ளே விடும் துணி. நல்ல தையல்காரர் பக்கவாட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணியை மடித்து உள்ளே விட்டு, சற்று இடைவெளியில் இரண்டு மூன்று வரிசைத் தையல் போடுவார். பிள்ளை பெற்றவள் வந்து ‘ஒரு தையல் பிரிச்சு விடுங்க’ என்றால் உள் வரிசை பிரியும். ரவிக்கை அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ அகலும். ஆறேழு மாதம் கழித்து உடம்பு இளைத்தால் அதே இடத்தில் மறுபடி தையல் விழும். மாறிக்கொண்டே இருக்கும் உடம்பை முன்கூட்டியே எண்ணித் தைக்கும் உடை இது. மருத்துவமனைச் சீருடைகளில் இந்த ஏற்பாட்டைப் பார்ப்பது அரிது. பாலக்கரை போன்ற நெருக்கமான பகுதிகளில் தெருவுக்கு ஒரு டெய்லர் இருந்த காலத்தில், டூ பை டூ என்ற ரவிக்கைத் துணியோடு அளவு ரவிக்கையைக் கொடுத்து இரண்டு நாளில் தைத்து வாங்கிவிடலாம். பிற்காலத்தில் பின்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை நாகரிகமானது. பாலூட்டும் பெண்ணுக்கு அது முழுக்க உபயோகமற்றது.

மகப்பேறு வார்டிலோ குழந்தைகள் வார்டிலோ வேலை பார்க்கும் தாய்க்கு இன்னொரு தொல்லை உண்டு. யாருடைய பிள்ளை அழுதாலும் பால் சுரந்துவிடும். அழுகுரலைக் கேட்ட மாத்திரத்தில் ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்குவது உடம்பின் இயல்பு. அது தன் பிள்ளையா பிறர் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. அரை மணி நேரம் ரவுண்ட்ஸ் நடக்கும்போது ரவிக்கை நனைந்து புடவை வரை ஊறிவிடும். இதற்கு வீட்டுப் பெண்கள் சொல்லிக் கொடுத்த வழி, நான்காக மடித்த பழைய வேட்டித் துண்டை உள்ளே வைத்து, கைப்பையில் மாற்றுத் துண்டு இரண்டும் மாற்று ரவிக்கை ஒன்றும் வைத்துக்கொள்வது. துணியின் நிறமும் முக்கியம். வெளிர் நிற வெற்றுத் துணியில் ஈரம் வட்டமாகத் தெரியும். சுங்குடி போலப் பொடிப் புள்ளியும் அடர் நிறமும் உள்ள புடவையில் தெரியாது. வெள்ளைக் கோட்டுக்கு இங்கே எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. முன்பக்கம் பொத்தான் வைத்த, தொளதொளப்பான, பருத்திக் கோட்டு நனைந்த ரவிக்கையை மறைக்கும். தேவைப்பட்டால் பாலூட்டும்போது போர்த்திக்கொள்ளவும் உதவும். முந்தானையை மடித்துத் தோளில் ஊக்குக் குத்தி, நுனியை இடுப்பில் செருகி, மேலே கோட்டுப் போட்டுக்கொள்வது தமிழகத்துப் பெண் மருத்துவர்களின் பொதுவான முறையாயிற்று. தோளில் குத்தும் ஊக்கு குழந்தையின் முகத்துக்கு நேரே வரும் என்பதால் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைக் கழற்றுவார்கள். ‘ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து குளிக்காம புள்ளையத் தூக்காதே’ என்று மாமியார்கள் சொன்னதை அந்தக் காலப் படித்த பெண்கள் சிலர் தீட்டு என்று நினைத்து எரிச்சலடைந்திருக்கலாம். ஹோம்ஸ் 1843இல் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

உடையின் தேவையை நிர்ணயித்தது விடுப்பின் நீளம். 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பேறுகால உடன்படிக்கை, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வேலை கூடாது என்றும், வேலை நேரத்தில் அரை மணி வீதம் இரண்டு முறை பாலூட்ட அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. சென்னை மாகாணத்தின் பேறுகாலப் பயன் சட்டம் 1934இல் வந்தது. அது ஆலைத் தொழிலாளிகளுக்கானது. 1961இன் மத்தியச் சட்டம் மொத்தம் 12 வாரம் கொடுத்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை பாலூட்டுவதற்கு உண்டு என்பதும் அதில் இருக்கிறது. தமிழக அரசுப் பணியில் இருந்த பெண்களுக்கு நீண்ட காலம் 90 நாள்தான். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பு விடுப்பு எடுத்தால், இரண்டரை மாதக் குழந்தையை விட்டுவிட்டு டூட்டிக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பாலைத் தவிர வேறு ஆகாரமே கிடையாது. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் இரவு டூட்டிக்கு வந்த தாய்மார்களின் உடை எவ்வளவு முறை நனைந்து காய்ந்திருக்கும் என்பதை எந்தப் பதிவேடும் எழுதி வைக்கவில்லை.

1980களிலும் 1990களிலும் உடையை மாற்றியது சட்டம் அல்ல, இருசக்கர வண்டி. டிவிஎஸ் மொபெட்டும் பிறகு ஸ்கூட்டியும் வந்த பின், காந்தி மார்க்கெட் நெரிசலில் நுழைந்து பாலக்கரை ரவுண்டானாவைத் தாண்டிப் புத்தூர் போக ஒரு பெண்ணுக்குப் பேருந்தை நம்ப வேண்டியதில்லை. மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்து பாலூட்டிவிட்டுத் திரும்பவும் முடிந்தது. வண்டி ஓட்டுவதற்குச் சுடிதார் வசதி. தொடக்கத்தில் மூத்த மருத்துவர்கள் பலர் அதை மாணவியரின் உடையாகவே பார்த்தார்கள். மெல்ல மெல்லத்தான் ஏற்றார்கள். 2019இல் தமிழகத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையில் புடவையோடு சுடிதாரும் துப்பட்டாவோடு இடம்பெற்றது. பாலூட்டும் மருத்துவருக்குச் சுடிதாரில் ஒரு குறை உண்டு. தலைவழியாகப் போடும் ஒரே துண்டான டாப்ஸை இடுப்புவரை தூக்க வேண்டும். முதுகில் ஜிப் வைத்ததானால் கழற்றவே வேண்டும். நெஞ்சுத் தையலின் இரு பக்கமும் மறைவாக ஜிப் வைத்த ‘ஃபீடிங்’ குர்தியும் நைட்டியும் கடைக்கு வரும்வரை, முன்பக்கம் பொத்தான் திறப்பு நீளமாக வைத்துத் தைக்கச் சொல்வதே வழி. துப்பட்டா போர்வைக்கு உதவும். ஆனால் வார்டில் அது கட்டிலில், ட்ராலியில், ரத்தத்தில் தோயும். இரண்டு நுனியையும் பின்னால் முடிந்துகொள்வதோ, கோட்டுக்குள் அடக்கிக்கொள்வதோ வழக்கமானது.

சிசேரியன் பெருகியது இன்னொரு மாற்றம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவம். இந்திய சராசரி 21.5. அறுவைத் தழும்பு அடிவயிற்றில் குறுக்கே ஓடுகிறது. ஐந்தரை மீட்டர் புடவையின் கனம் முழுவதையும் உள்பாவாடையின் மெல்லிய நாடாவே தாங்குகிறது. கொசுவம் செருகும் இடமும் அதுதான். நாடாவை இறக்கிக் கட்டினால் தழும்பை உறுத்தும். அகலமான எலாஸ்டிக் பட்டியும் உயரமான இடுப்புப் பகுதியும் உள்ள பாவாடைகள், இடுப்பில் தளரும் பேண்ட்கள் இவற்றுக்குத் தேவை எழுந்ததில் இந்தத் தழும்புக்குப் பெரிய பங்கு உண்டு.

2020இல் கொரோனா வந்தபோது புடவையும் சுடிதாரும் வார்டுக்குள் ஒரே வீச்சில் இல்லாமல் போயின. முழு உடல் கவசத்துக்குள் முந்தானையை அடக்க முடியாது. அதுவரை பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில் இருந்த ஸ்க்ரப்ஸ் உடை எல்லா வார்டுக்கும் வந்தது. பாலூட்டும் தாய்க்குக் கவச உடை கொடுமையானது. ஒருமுறை போட்டால் டூட்டி முடியும்வரை கழற்ற முடியாது. மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும் நிலை. ஆனால் பெருந்தொற்றுக்குப் பின்னும் ஸ்க்ரப்ஸ் நிலைத்துவிட்டது, அது நல்லதே. மேலும் கீழும் தனித்தனி; மேல் சட்டையை எளிதில் தூக்கலாம்; முழங்கைக்கு மேலே நிற்கும் கை, கழுவ வசதி. இங்கிலாந்து 2007இலேயே முழங்கைக்குக் கீழே துணியோ கைக்கடிகாரமோ கூடாது என்ற விதியைக் கொண்டுவந்து நீளக் கை வெள்ளைக் கோட்டை வார்டிலிருந்து விலக்கியது. இங்கே கோட்டு மரியாதையின் சின்னமாக இன்னும் நிற்கிறது. கண்ணாடி வளையலும் பல இடங்களில் நிற்கிறது.

விடுப்பும் இதற்குள் நீண்டது. தமிழக அரசு 2011இல் 90 நாளை ஆறு மாதமாக்கியது, 2016இல் ஒன்பது மாதமாக்கியது, 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதமாக்கியது. அரசு மருத்துவர் இன்று திரும்பும்போது பிள்ளை சோறு தின்னத் தொடங்கியிருக்கும். பாலக்கரையிலும் சுற்றிலும் உள்ள தனியார் நர்சிங் ஹோம்களில் டூட்டி பார்ப்பவர்களுக்கு 2017இன் திருத்தச் சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், பதினெட்டு வாரக் குழந்தையோடு, முழுத் தாய்ப்பால் பருவத்திலேயே திரும்ப வேண்டியிருக்கும். உடையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியவர்கள் இப்போது இவர்களே. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. சிறிய நர்சிங் ஹோம்களுக்கு அது பொருந்தாததால், பாலைப் பீய்ச்சி வைக்கும் கருவியோடு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். பீய்ச்சிய பால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். திருச்சியில் பகல் வெப்பம் பெரும்பாலும் அதைவிட அதிகம் என்பதால் குளிர்பதனப் பெட்டி கட்டாயம். கருவியைப் பொருத்த இரண்டு கையும் வேண்டும். அதனால் சட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லாத முன்திறப்பே இங்கும் வசதி. ஸ்க்ரப்ஸ் சட்டையின் பக்கத் தையலில் ஒரு ஜாண் ஜிப் வைத்துத் தரச் சொல்லி டெய்லரிடம் கொடுப்பவர்கள் உண்டு. வெள்ளைக் கோட்டை மட்டும் பெரும்பாலானவர்கள் இன்றும் ஆண்களின் அளவில், தோள் இறங்கி, கை நீண்டு, ஆயத்த உடையாகத்தான் வாங்குகிறார்கள்.